ஒரே பேர், ஒரே எழுத்து

என் மகளின் பேரை இங்கே சொல்ல மாட்டேன். சொன்னால் கடலூரில் பாதிப் பெண்கள் யாரோ தங்களைக் கூப்பிட்டதாகத் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் பிறந்த காலத்தில் பெண் பிறந்த வீட்டிலெல்லாம் அதே பேரைத்தான் வைத்தார்கள். அப்போது எனக்கு அது பெருமையாக இருந்தது. நாலு பேர் வைக்கிற பேர் என்றால் நல்ல பேராகத்தானே இருக்கும்?

அவள் சிதம்பரத்தில் எம்.எட். படிக்கப் போனாள். ஹாஸ்டலில் அவள் அறைக்கே அதே பேரில் இன்னொருத்தி வந்து சேர்ந்தாள். பேர் ஒன்றாக இருந்தால் இனிஷியலை வைத்துப் பிரிப்பது வழக்கம். இவர்களுக்கு அதற்கும் வழியில்லை. இரண்டு அப்பாக்களின் பேரும் ஒரே எழுத்தில் ஆரம்பித்தன. வகுப்பில் வாத்தியார் பேரைக் கூப்பிட்டால் இரண்டு பேரும் சேர்ந்து எழுந்து நிற்பார்களாம். அந்தப் பெண் நல்ல உயரம். என் மகள் என்னைப் போல, ஜாஸ்தி துணி செலவாகாத உடம்பு. முதல் நாள் பார்த்ததுமே ஒருத்திக்கு நெட்டை, ஒருத்திக்குக் குட்டை என்று நான் பேர் வைத்துவிட்டேன். ஹாஸ்டல் முழுக்க அதுவே ஒட்டிக்கொண்டது. இங்கேயும் அவளை நெட்டை என்றே சொல்லிவிடுகிறேன்.

நெட்டைக்குப் பரங்கிப்பேட்டைப் பக்கம் ஊர். அப்பா கடலுக்குப் போகிறவர். அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே இறந்துவிட்டார். அம்மா மீன் விற்றுப் படிக்க வைத்தாள். படிப்பு முடிவதற்குள் அந்த அம்மாவும் போய்விட்டாள். அதற்குப் பிறகு லீவு விட்டால் நெட்டை வருவது எங்கள் வீட்டுக்குத்தான். மஞ்சக்குப்பத்தில் மைதானத்துக்குப் பின்னால் எங்கள் வீடு. என்னை அம்மா என்பாள். என் வீட்டுக்காரரை அப்பா என்பாள். ஒரு தீபாவளிக்கு இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி, மயில் கழுத்து நிறத்தில் புடவை எடுத்தேன். கடைக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, ரெட்டைப் பிள்ளைகளா என்று கேட்டார்.

"ஆமாங்க. இவ வெளிய வரும்போது தலையில இடிச்சிக்கிட்டா. அதான் அத்தோட நின்னுட்டா" என்றேன் என் மகளைக் காட்டி.

கடைக்காரர் சிரித்ததைவிட நெட்டைதான் அதிகமாகச் சிரித்தாள். பொதுவாக அவள் சத்தம் போட்டுச் சிரிக்கிற பெண் இல்லை.

பிறகு எனக்குப் புதுச்சேரியில் கண் ஆபரேஷன் நடந்தது. அப்போது என் மகளுக்குக் கல்யாணமாகி நிறைமாதம். துணைக்கு வந்தவள் நெட்டை. மணிக்கணக்குப் பார்த்துச் சொட்டு மருந்து விட்டாள். தலை குளிக்கக் கூடாது என்று அதட்டினாள். கூட இருப்பவர் நோயாளிக்கு என்ன உறவு என்று நர்ஸ் கேட்டதற்கு மகள் என்று சொன்னாள். கண்ணில் கட்டு இருந்ததால் அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. சொன்ன குரல் மட்டும் இன்னும் காதில் இருக்கிறது. அதனால்தான் பின்னால் நடந்தது எனக்கு இவ்வளவு நாளாகியும் ஆறவில்லை.

என் மகள் படித்தது கல்வி உளவியல். மனசு சரியில்லாதவர்களைப் பார்க்கிற படிப்பா என்று முதலில் நான் கேட்டேன். இல்லை, பிள்ளைகள் மனசு எப்படிப் படிக்கிறது, எங்கே முரண்டு பிடிக்கிறது என்று பார்க்கிற படிப்பு என்றாள். நெட்டையும் அதே படிப்பு, ஆராய்ச்சிக்கு வழிகாட்டுகிற கைடும் ஒருவரே. டாக்டர் பட்டத்துக்கு என் மகள் ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டாள். வகுப்பில் கேள்வி கேட்டால் பதில் தெரிந்திருந்தும் கை தூக்காத பிள்ளைகள். ஒரு அரசாங்கப் பள்ளியில் அனுமதி வாங்கிக்கொண்டு கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். மாசக்கணக்கில் உட்கார்ந்திருந்தாள். உயரம் குறைவு என்பதால் பிள்ளைகளும் அவளைப் பெரிய மனுஷியாக எடுத்துக்கொள்ளவில்லை. டீச்சர் கேள்வி கேட்பார். ஒரு பெண்ணின் உதடு மட்டும் பதிலைச் சொல்லும். கை மேலே வராது. பிறகு விளையாட்டு நேரத்தில் இவள் அந்தப் பெண்ணோடு பல்லாங்குழி ஆடிக்கொண்டே ஏன் என்று கேட்பாள். தப்பாகச் சொன்னால் சிரிப்பார்கள், சரியாகச் சொன்னால் பெரிய இவள் என்று ஒதுக்குவார்கள், அதற்குச் சும்மா இருப்பதே மேல் என்று பிள்ளைகள் சொன்னார்களாம். இதையெல்லாம் சேர்த்து ஒரு பேப்பர் எழுதினாள். பேப்பர் என்றால் தினசரி இல்லை. இந்த ஆராய்ச்சிக்காரர்கள் தங்களுக்குள் படித்துக்கொள்ளும் கட்டுரை.

அது வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் அச்சாகி வந்தது. முதல் பக்கத்தின் நகலை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். என் வீட்டுக்காரர் லாரிப் பட்டறையில் வேலை பார்த்தவர். அவருக்கு இங்கிலீஷில் தெரிந்தது ஒரே ஒரு எழுத்து. தன் ஸ்பானர் பெட்டிமேல் பெயிண்டால் போட்டு வைத்திருந்த அவருடைய எழுத்து. அந்தத் தாளைக் கையில் வாங்கி, விரலை வைத்துத் தேடி, மகள் பேருக்கு முன்னால் அந்த எழுத்து நிற்பதைக் கண்டுபிடித்தார். சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனார்.

"நான் இங்கிலீஷ்ல ஒரு எழுத்துதான் கத்துக்கினேன். அது சீமைக்கே போயிடுச்சி பாரு" என்று அங்கே உட்கார்ந்திருந்தவர்களிடம் சொன்னாராம். தாளில் டீ சிந்திவிட்டது. அதற்கு அடுத்த வருஷம் அவர் மாரடைப்பில் போய்விட்டார்.

பிறகு மகளுக்குக் கல்யாணம் செய்தோம். எங்கள் பக்கத்தில் கல்யாணம் ஆன பெண்ணுக்குத் தாலிக்கு அடுத்தபடி மாறுவது இனிஷியல். ரேஷன் கார்டில் அப்பா வீட்டில் பேரை எடுத்து, புருஷன் வீட்டில் சேர்க்க வேண்டும். ஆதார், பேங்க், எல்லாம் அதைப் பார்த்து வரிசையாக மாறும். யாரும் அவளை வற்புறுத்தவில்லை. மருமகன் நல்ல மாதிரி. கலெக்டர் ஆபீஸில் வேலை என்பதால் அவரே கூட அலைந்து எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தார். ஊரே செய்கிற காரியம், அதில் யோசிக்க ஒன்றும் இருப்பதாக எங்களுக்குத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு அவள் எழுதிய பேப்பர்களில் புருஷன் எழுத்து வந்தது. பிள்ளை பிறந்தது, அதிலிருந்து அவர்கள் என்னோடுதான் இருக்கிறார்கள். கடலூர் பக்கத்தில் ஒரு தனியார் பி.எட். காலேஜில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே சம்பளத்தைப் பண்டிகை மாதிரி எப்போதாவது கொண்டாடுவார்கள்.

நெட்டை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சிதம்பரத்திலேயே தங்கி, நிரந்தரம் இல்லாத வேலைகளில் ஒன்று மாற்றி ஒன்றாக இருந்தாள். அவள் எழுத்து அவளிடமே இருந்தது.

சைட்டேஷன் என்ற சொல்லை நான் கற்றுக்கொண்டது இந்தச் சமயத்தில்தான். தயிருக்கு உறை தீர்ந்துபோனால் எதிர்வீட்டில் ஒரு கரண்டி வாங்கி ஊற்றுகிறேன். மறுநாள் தயிர் கெட்டியாக வந்தால் என் கைப்பக்குவம் என்றுதான் சொல்லிக்கொள்வேன். எதிர்வீட்டுக்காரி பேரை எடுக்க மாட்டேன். இவர்கள் தொழிலில் அப்படிச் செய்யக் கூடாது. யாரிடம் உறை வாங்கினோம் என்று கட்டுரையின் கடைசியில் பேர் போட்டுச் சொல்ல வேண்டும். உன் பேரை எத்தனை பேர் அப்படிச் சொன்னார்கள் என்று கம்ப்யூட்டர் கூட்டிக்கொண்டே இருக்கும். அது ஒரு எண். எனக்குச் சுகர், பிரஷர் மாதிரி அவர்களுக்கு அது. எனக்கு ஏறினால் டாக்டர் திட்டுவார். அவர்களுக்கு ஏறினால் வேலை கிடைக்கும்.

கை தூக்காத பிள்ளைகள் பேப்பர் அச்சான புதிதில் சும்மா கிடந்தது. பிள்ளை வளர்ப்பில் இவள் அதை மறந்தே போயிருந்தாள். அந்தப் பேப்பரோ அவளுக்குத் தெரியாமல் ஊர் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. எங்கெங்கோ இருப்பவர்களெல்லாம் அதிலிருந்து உறை எடுத்துத் தயிர் தோய்த்திருக்கிறார்கள்.

சிதம்பரத்தில் பெரிய வேலை ஒன்றுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்து இவள் விண்ணப்பம் போட உட்கார்ந்தபோதுதான் அது தெரிந்தது. நிரந்தர வேலை. அவள் படித்த இடத்திலேயே, அவள் பாடத்திலேயே. பி.எட். காலேஜில் வருஷக்கணக்காக வெந்தவளுக்கு அது ஒன்றுதான் வாசல். அதற்கு எழுதிய பேப்பர்கள், அந்த எண், எல்லாம் கேட்டிருந்தார்கள். சமையல்கட்டில் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். போனைப் பார்த்துக்கொண்டிருந்தவள், "அம்மா, இங்க பாரேன்" என்று நீட்டினாள்.

பார்த்தேன். மயில் கழுத்துப் புடவையில் நெட்டை சிரித்துக்கொண்டிருந்தாள். ஆராய்ச்சிக்காரர்களுக்குக் கம்ப்யூட்டரில் ஆளுக்கு ஒரு பக்கம் உண்டாம். அது நெட்டையின் பக்கம். அதில் முதல் வரியில் என் மகளின் பேப்பர் இருந்தது. நெட்டைக்கு இருந்த எண்ணில் முக்கால்வாசி அந்த ஒரு பேப்பருக்கு வந்தது என்று மகள் சொன்னாள். என் மகளின் பக்கத்தில் அது இல்லை. அங்கே புருஷன் எழுத்தில் எழுதின சின்னச் சின்னப் பேப்பர்கள் மட்டும் இருந்தன.

மருமகன் சாயந்திரம் வந்து பார்த்துவிட்டு, இது மிஷின் செய்கிற வேலை என்றார். பேரும் எழுத்தும் ஒன்றாக இருந்தால் அதுவே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுமாம். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. ரேஷன் கடைக்காரனே மாற்றிச் சேர்க்கும்போது மிஷின் எம்மாத்திரம். மகள் நெட்டைக்குப் போன் செய்தாள். நெட்டை பதறிப்போனாளாம். அதுவாகப் போட்டிருக்கும்டி, இன்றைக்கே எடுத்துவிடுகிறேன் என்றாளாம். அவளும் அதே வேலைக்கு விண்ணப்பம் போட்டிருப்பதாகச் சொன்னாளாம். இரண்டு பேரில் யாருக்குக் கிடைத்தாலும் மற்றவள் வீட்டில் விருந்து என்று பேசி வைத்தார்களாம்.

அவள் எடுக்கவில்லை. இவள் மறுபடி ஒரு தடவை ஞாபகப்படுத்தினாள். நெட் வேலை செய்யவில்லை என்றாள். அப்புறம் இவள் கேட்கவில்லை. நான் கேட்கச் சொன்னேன். திரும்பத் திரும்பக் கேட்டால் அவளைச் சந்தேகப்படுவது மாதிரி இருக்கும் என்றாள்.

இன்டர்வியூவுக்கு இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். என் மகளின் புடவை மடிப்பு நழுவியதைப் பார்த்து நெட்டை தன் பையிலிருந்து ஊக்கு எடுத்துக் குத்திவிட்டாள். அவளை முதலில் கூப்பிட்டார்கள். போய்விட்டுச் சிரித்த முகமாக வந்தாள். அடுத்து இவளைக் கூப்பிட்டார்கள். உள்ளே நடந்ததை மகள் எனக்குச் சொன்னபடி சொல்கிறேன். கேள்வி கேட்டவர்கள் எல்லோரும் வெளியூர்க்காரர்கள். இவள் கொடுத்திருந்த விண்ணப்பத்தில் அந்தப் பேப்பரைப் பார்த்ததும் ஒரு பெரியவர் நிறுத்தினாராம்.

"இது நீங்க எழுதினதாம்மா? இப்ப போனாங்களே அந்த மேடம், அவங்க இது தன்னுதுன்னு சொன்னாங்களே."

இவள் தன்னுடையதுதான் என்றிருக்கிறாள். பேப்பரில் இருக்கிற இனிஷியல் உங்களுடையது இல்லையே என்று கேட்டிருக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்னால் இருந்த எழுத்து என்று சொல்லி, பழைய சான்றிதழைக் காட்டியிருக்கிறாள். அதே பேர், அதே எழுத்து, அதே துறைச் சான்றிதழை நெட்டையும் காட்டிவிட்டுப் போயிருந்தாள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யார் யாரென்று சாமிக்கே தெரியாது. டாக்டர் பட்டத்துக்கு எழுதின தீசிஸைத் தேடி எடுத்துப் பார்க்க அவர்களுக்கு நேரமில்லை, உண்மை தெரிந்த கைடும் காலமாகிவிட்டார். அப்போது அந்தப் பெரியவர் இவளைப் பார்த்துக் கேட்டாராம்.

"அப்படின்னா அவங்க பொய் சொல்றாங்கன்னு சொல்றீங்களா?"

என் மகள் வாயைத் திறக்கவில்லை.

இத்தனைக்கும் அவள் அதைப் பற்றித்தான் ஆராய்ச்சியே செய்தாள். பதில் தெரிந்திருந்தும் சும்மா இருக்கிற பிள்ளைகளைப் பற்றி உலகத்துக்கே எடுத்துச் சொன்னவள், தன் முறை வந்தபோது கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது நான் பல்லைக் கடித்தேன். ஆமாம், பொய்தான் சொல்கிறாள் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அது இல்லைம்மா, அவளைப் போய் எப்படிப் பொய்க்காரி என்று சொல்வது, உள்ளே என்ன கேட்டார்களோ, பதற்றத்தில் என்ன சொன்னாளோ என்றாள். அப்போதும் அவள் அதை நம்பவில்லை. நானும் முழுசாக நம்பவில்லை. நேரில் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

மகளிடம் நடராஜரைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுச் சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன். அது பொய்யாகிவிடக் கூடாது என்று கீழ வீதியில் இறங்கி, கோபுரத்தைப் பார்த்து வாசலில் நின்றபடியே ஒரு கும்பிடு போட்டேன். நெட்டை மேல வீதிப் பக்கம் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தாள். கதவைத் திறந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். படி ஏறி மூச்சு வாங்குகிறது பாருங்கள் என்று ஃபேனைப் போட்டாள். கண் எப்படி இருக்கிறது என்று கிட்டே வந்து பார்த்தாள். காபி போட்டாள். சர்க்கரை அரைக் கரண்டி என்பதை அவள் மறக்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"உன் பக்கத்த போன்ல பாத்தேன். புடவ நல்லா இருக்குது. யாரு எடுத்துக் குடுத்தது?" என்றேன்.

சிரித்தாள். "நீங்கதாம்மா. எனக்கு இருக்கறதிலயே நல்ல புடவை அதான்."

"அதுக்குக் கீழ ஒரு பேப்பர் இருந்துது. அதையும் நானா எடுத்துக் குடுத்தேன்?"

காபி டம்ளரை எடுக்கப் போனவள் அப்படியே உட்கார்ந்தாள். மிஷின் பண்ணியதாக மறுபடி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். நம்ப வேண்டும் என்றுதான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். அவள் அந்தப் பொய்யைக்கூட எனக்குக் கொடுக்கவில்லை.

"அதுவா சேக்கலம்மா. மொதல்ல கேட்டுது. இந்தப் பேப்பர் உங்களோடதான்னு கேட்டுது. நான் ஆமான்னு அமுக்கிட்டேன்."

"எப்போ?"

"ரொம்ப வருஷம் ஆச்சு. அவ அதத் தேடவே இல்லையேம்மா. அவ பக்கத்துல எழுத்து மாறிப்போச்சு. பேப்பர் அனாதையா கெடந்துச்சு."

அனாதை என்ற சொல்லை அவள் எடுத்தது எனக்கு உறைத்தது. அவள் வாயிலிருந்து வந்தால் யாருக்கும் உறைக்கும். ஆனாலும் விடவில்லை. கமிட்டிக்காரர்கள் கேட்டபோது என்ன சொன்னாய் என்று கேட்டேன். ஆமாம் என்று சொன்னதாகச் சொன்னாள். தலையைக் குனியவில்லை. இரண்டு தரம் இன்டர்வியூவுக்குப் போய் எண் பத்தவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள், என் பேப்பர்களை யாரும் எடுத்துச் சொல்வதில்லை, வயது ஏறிக்கொண்டே போகிறது, இதுதான் எனக்குக் கடைசி என்றாள். உங்கள் மகளுக்குப் புருஷன் இருக்கிறார், குழந்தை இருக்கிறது, நீங்கள் இருக்கிறீர்கள், எனக்கு அந்த வேலையைத் தவிர என்ன இருக்கிறது என்றாள். அதற்கு நான் பதில் சொல்ல முடியும். நீயும் இருந்தாய் என்று சொல்லியிருக்கலாம். நான் கேட்டது வேறொன்று.

"அதுல முன்னாடி நிக்கிற எழுத்து எங்க வூட்டுக்காரரோடது. அது உனக்குத் தெரியும் இல்ல?"

அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

"அது எங்கப்பா எழுத்தும்தாம்மா" என்றாள்.

நான் எழுந்துவிட்டேன்.  படி இறங்கி நேராக பஸ்ஸுக்கு நடந்தேன். வேண்டுமென்றே செய்தாள் என்பது ஒரு அடி. அதைச் செய்துவிட்டு, என் சர்க்கரை அளவை ஞாபகம் வைத்திருந்தாள் என்பது அதைவிடப் பெரிய அடி. ஒருத்தி நம்மை ஏமாற்றினால் அவள் அன்பெல்லாம் நடிப்பு என்று தள்ளிவிட்டுப் போகலாம். இவள் அப்படித் தள்ளவும் விடவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா கோயிலில் தரிசனம் நல்லபடியாக ஆயிற்றா என்று கேட்டாள். பளிச்சென்று ஆயிற்று என்றேன்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆமாம் என்று அமுக்கினாள் என்ற இடம் வந்தபோது மட்டும், அவளே சொன்னாளா என்று கேட்டாள். மருமகனுக்குக் கோபம் வந்தது. புகார் எழுதலாம், பழைய பள்ளிக்கூடத்துக்குப் போய் டீச்சர்களைச் சாட்சி கேட்கலாம், எந்தத் தாளை எங்கே கொடுப்பது என்று தனக்குத் தெரியும் என்றார். மகள் பொறுங்கள் என்றாள். முடிவு வரட்டும் என்றாள். முடிவு வந்தது. வேலை நெட்டைக்கு.

சில வாரம் கழித்து ஒரு மத்தியான வேளையில் நெட்டை எங்கள் வாசலில் வந்து நின்றாள். நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மகள் காலேஜுக்குப் போயிருந்தாள். நெட்டை செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்தப் பேப்பர எம் பக்கத்துலேர்ந்து எடுத்துட்டேம்மா. அவகிட்ட சொல்லிடுங்க. அவ சேத்துக்கலாம்."

"ஏன், இப்ப இன்னா வந்துது?"

"மனசு கேக்கலம்மா."

"வேலையில சேந்துட்டியா?"

"போன வாரம் சேந்துட்டேன்."

"அப்ப ஒம் மனசும் ஆர்டர் கைக்கு வர்ற வரைக்கும் பொறுமையாதான் இருந்திருக்குது."

அவள் கண் கலங்கியது. பார்க்கத்தான் செய்தேன். கீரையில் பழுத்த இலை ஒன்று கிடந்தது, அதைப் பொறுக்கிப் போட்டேன். உள்ளே வரலாமா என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் அவள் அப்படிக் கேட்டதே கிடையாது.

"எம் பொண்ணு வூட்ல இல்லம்மா. அவ இருக்கும்போது வா" என்றேன், கணக்கெடுக்க வந்த டீச்சரிடம் சொல்வது மாதிரி.

போய்விட்டாள். தெருமுனை வரைக்கும் அவள் உயரம் தெரிந்தது. நான் கூப்பிடவில்லை.

சாயந்திரம் மகள் வந்ததும் சொன்னேன். போனை எடுத்து என்னவோ தட்டினாள். அவளிடமும் அது கேட்டது போலிருக்கிறது. தட்டிவிட்டு எனக்குக் காட்டினாள். பழைய பேப்பர் அவள் பக்கத்தில் முதல் வரியில் வந்து உட்கார்ந்திருந்தது. எண் சட்டென்று பெரிசாகிவிட்டது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"இத வச்சிக்கிட்டு நான் இப்ப இன்னா பண்றது?" என்றாள்.

மருமகன் மறுபடி புகார்ப் பேச்சை எடுத்தார். இப்போது இன்னும் சுலபம், அவளே எடுத்ததுதான் சாட்சி என்றார். மகள் வேண்டாம் என்றாள். நான் விடவில்லை.

"உன் வேலைய அவ கெடுத்தாளா இல்லியா?"

"கெடுத்தா."

"அப்புறம் இன்னா?"

"அவ வேலைய நான் கெடுக்க மாட்டேம்மா. அவளுக்கு அது போச்சுன்னா எங்க போவா?"

நம்ம வீட்டுக்கு வருவாள் என்று வாய் வரைக்கும் வந்தது. மத்தியானம்தான் அவளை வாசலோடு அனுப்பியிருந்தேன். 

மகள் முகம் கழுவிக்கொண்டு வந்து, மாணவர்களின் ரெக்கார்ட் நோட்டுக் கட்டைப் பிரித்து உட்கார்ந்தாள். பி.எட். காலேஜ் வேலை நடக்கிறது. சம்பளம் வரும்போது வருகிறது. நெட்டை அவ்வப்போது போன் செய்கிறாள், இவள் எடுத்துப் பேசுகிறாள். முதலில் ஒன்றிரண்டு வார்த்தை பேசினாள், இப்போது கொஞ்சம் நீளுகிறது. பிள்ளைகள், பள்ளிக்கூடம், அவர்கள் படிப்பு என்று ஏதோ பேசுகிறார்கள். ஒரு நாள் இவள் சிரித்தது சமையல்கட்டு வரைக்கும் கேட்டது.

நான் அடுப்பைச் சத்தமாகத் துடைத்தேன். நெட்டை செய்தது ஒரு துரோகம். மகள் செய்வதற்கு என்ன பேர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து, இந்தக் கோபத்தை என் ஒருத்தி தலையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் பாதியை வாங்கிக்கொண்டிருப்பார்.